ஜப்பானிய மொழியை ஆசிரியர் இல்லாமல், முதல் எழுத்திலிருந்து நாமே கற்றுக்கொள்ள முடியுமா?

கேட்டவர் தொண்டிப் பக்கத்துக்காரர். பக்கத்தில் வகுப்பு இல்லை, ஆங்கிலம் சுமார்தான், ஜப்பானில் வேலைக்குப் போகும் எண்ணமும் உண்டு என்று கூடவே எழுதியிருக்கிறார்.

முடியும். நான் மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டிலிருந்தே படித்து, ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் தொடக்க நிலையான என்5-ஐத் தாண்டி அடுத்த நிலையான என்4 வரை தேறியிருக்கிறேன். ஆங்கிலம் சுமார் என்பதற்காகத் தயங்கவே வேண்டாம். தமிழ் தெரிந்தவர் ஜப்பானிய இலக்கணத்தை ஆங்கிலம் வழியாகப் படிப்பது, பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் போக மதுரையைச் சுற்றிப் போவது மாதிரி. இலக்கணத்துக்குத் தமிழிலிருந்து நேராகப் போங்கள். ஒலிக்கு மட்டும் தமிழ் எழுத்தை நம்பாதீர்கள்.

ஒரு வாக்கியம் பாருங்கள். ‘வதஷி வ பாம்பன் கர மண்டபம் மதெ பஸு தெ இகிமஸ்.’ நான் பாம்பனிலிருந்து மண்டபம் வரை பஸ்ஸில் போகிறேன். வதஷி என்றால் நான். கர என்பது ‘இலிருந்து’, மதெ என்பது ‘வரை’, தெ என்பது ‘இல்’, இகிமஸ் என்பது ‘போகிறேன்’. ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. கடைசியில் ‘க’ போட்டால் கேள்வி, நாம் ‘போகிறீர்களா’ என்று ஆ சேர்ப்பது போல. ‘மொ’ போட்டால் நம் ‘உம்’. ‘என்று சொன்னார்’ என்பதில் வரும் என்றுக்கு ‘தொ’. போகிறேன், போகிறாய், போகிறான் என்று ஆளுக்கொரு விகுதியும் கிடையாது, எல்லாருக்கும் இகிமஸ்தான்.

இதைவிட ருசியான இடம் அவர்களுடைய ‘தெ’ வடிவம். அது நம் வினையெச்சமேதான். தபெதெ என்றால் சாப்பிட்டு. அதோடு ‘பார்’ சேர்த்தால் தபெதெ மிமஸ், சாப்பிட்டுப் பார்க்கிறேன். ‘வை’ சேர்த்தால் கத்தெ ஒகிமஸ், வாங்கி வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டேன் என்பதற்கும் அதே பாணியில் ‘தபெதெ ஷிமைமஷித’ உண்டு. ஆங்கிலப் பாடநூல்கள் இதற்கெல்லாம் தனித்தனிப் பாடம் ஒதுக்கி விளக்கும். நமக்குத் தமிழ் வாக்கியத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்தால் போதும். ‘நேற்று வாங்கிய கணவாய்’ என்பதும் அதே வரிசையில் ‘கினோ கத்த இக’ என்றுதான் வரும். இக என்றால் கணவாய்.

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிகளும் உறவு என்றே வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, படிக்கிறவனுக்கு லாபம்.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. ‘வ’, ‘க’ (கேள்விக்கு வரும் ‘க’ இல்லை, ‘தங்கம்’ என்பதில் வரும் க) என்று இரண்டு உருபுகள் எழுவாயோடு வந்து குழப்பும். ‘யார் வந்தது?’ என்று கேட்டால் ‘நான்தான்’ என்கிறோமே, அந்தத் ‘தான்’ வருகிற இடத்தில் பெரும்பாலும் ‘க’ வரும். ஆரம்பத்துக்கு இது போதும்; மீதி வாசிக்க வாசிக்கத்தான் பிடிபடும். அதற்காகப் பாடத்தை நிறுத்தி வைக்காதீர்கள்.

அடுத்தது ஒலி. மேலே பஸ்ஸுக்குப் பிறகு ‘தெ’ என்று எழுதினேன், சாப்பிட்டு என்பதற்கும் ‘தபெதெ’ என்று எழுதினேன். இங்கே வேறு வழியில்லை. உண்மையில் முதலாவது ‘பந்து’ என்பதில் வரும் த. இரண்டாவது ‘தேன்’ என்பதில் வரும் த. ஜப்பானியத்தில் இவை இரண்டும் வேறு வேறு எழுத்து. தமிழில் எழுதி வைத்துப் படித்தால் இந்த வித்தியாசம் முதல் நாளே காணாமல் போய்விடும். இன்னொன்று, மீனுக்கு அவர்கள் சொல்லும் ‘சகன’. நம் வழக்கப்படி வாசித்தால் நடுவில் உள்ள க தேய்ந்துவிடும். சரி, அழுத்திச் சொல்லலாம் என்று ‘சக்கன’ என்று எழுதினால் அது இரட்டிப்பாகிவிடும். அங்கே இரட்டித்தால் பொருளே மாறும்: ‘சக’ என்றால் மேட்டுச்சாலை, ‘சக்க’ என்றால் எழுத்தாளர். ஆகவே முதல் வேலையாக ஹிராகனா என்ற அவர்களுடைய அடிப்படை எழுத்தைப் படித்துவிட்டு, தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பதை அன்றோடு விட்டுவிடுங்கள்.

குறில் நெடில் நமக்குப் பிறந்ததிலிருந்தே காதில் இருக்கிறது. ‘ஒபசன்’ என்றால் அத்தை, ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. இதில் நாம் தடுமாற மாட்டோம். அப்புறம், 2004-க்குப் பிறகு நம் கரையில் குழந்தைகளுக்கும் தெரிந்த சொல் சுனாமி. அதன் முதல் எழுத்து ‘சு’ இல்லை, ‘த்ஸு’. அதைத் திருத்திச் சொல்லிப் பழகினால் அந்த ஒலி வந்துவிடும்.

ஹிராகனா 46 எழுத்து, வெளிநாட்டுச் சொற்களுக்கான கடகனாவும் 46. வரிசையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. உயிர் அ இ உ எ ஒ; மெய் வரிசை க ச த ந ஹ ம ய ர வ. அந்த ஹ பழங்காலத்தில் ப-வாக இருந்தது என்று தெரிந்தால் நம் அரிச்சுவடியே கண்முன் நிற்கும். பௌத்தத் துறவிகள் இந்திய எழுத்துமுறையைப் படித்ததன் தடம் அது. க-வுக்கு மேல் இரண்டு சிறு கோடு போட்டால் ‘தங்கம்’ என்பதில் வரும் க. ஹ-வுக்குச் சிறு வட்டம் போட்டால் ப. கையால் எழுதிப் பழகுங்கள். ‘நு’வும் ‘மெ’யும், கடகனாவில் ‘ஷி’யும் ‘த்ஸு’வும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், கோடு இழுக்கிற திசை தெரிந்தால்தான் பிரியும்.

எண்ணுவது தொல்லை, ஆனால் வேடிக்கையான தொல்லை. பொருளுக்குப் பொருள் எண்ணும் சொல் மாறும். மீன் என்றால் இப்பிகி, நிஹிகி. தாள் மாதிரித் தட்டையானவை என்றால் இச்சிமை, நிமை. சந்தையில் கணவாய், நண்டு போன்றவற்றை இப்பை, நிஹை என்று எண்ணுவார்கள். கோப்பையில் ஊற்றிய தேநீரை எண்ணுவதும் அதே சொல்தான். பெரிய தொகைக்கு அவர்கள் அடிப்படை பத்தாயிரம், அதன் பெயர் மன். நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து மன். கணக்கு எழுதுகிற எனக்கே இதில் இன்னும் ஒரு நொடி தாமதம்தான்.

காஞ்சி என்ற சித்திர எழுத்துக்குக் குறுக்கு வழி கிடையாது. 2010 பட்டியல்படி அன்றாடப் பயன்பாட்டுக்கு 2136. தொடக்க நிலை என்5-க்குச் சுமார் நூறு தெரிந்தால் சமாளிக்கலாம். தனித்தனி எழுத்தாக உருப்போடாமல் சொல்லோடு சேர்த்துப் படியுங்கள். மீன் பெயர்கள் பலவற்றில் இடப்பக்கம் ‘மீன்’ எழுத்து நிற்கும். சாளை வகை மீனுக்கு அதன் பக்கத்தில் ‘பலவீனம்’ என்ற எழுத்தைப் போட்டிருக்கிறார்கள். அதெல்லாம் தேர்வுக்குத் தேவையில்லை. ஆனால் நம் ஊர்க்காரனுக்கு முதலில் ஒட்டிக்கொள்வது அதுதான்.

புத்தகத்துக்குக் காசு செலவழிக்கும் முன் ஜப்பான் ஃபவுண்டேஷன் என்ற ஜப்பான் அரசு சார்ந்த அமைப்பின் ‘இரோதோரி’ பாடநூலை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், ஒலிப்பதிவும் சேர்ந்தே வரும், கடை, பஸ், வேலையிடம் என்று பேச்சுமொழியிலிருந்து தொடங்கும். சொற்களை மறக்காமல் இருக்க, அட்டை அட்டையாகக் காட்டிக் கேட்கும் அங்கி (Anki) என்ற செயலி. ஆண்ட்ராய்டில் அதுவும் இலவசம். அடுத்தவர் செய்து வைத்த அட்டைகளைவிட நாமே பாடத்திலிருந்து செய்பவை நிற்கும். காதுக்கு நான் ஜப்பானிய வானிலை அறிக்கை கேட்பேன். காற்று, அலை, மழை, வடகிழக்கு என்று அதே சொற்கள் தினமும் திரும்பத் திரும்ப வரும். அனிமே பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அந்தப் பேச்சை அப்படியே ஒரு மேலாளரிடம் பேசினால் மரியாதை கெடும். முதலில் இகிமஸ் மாதிரி மரியாதையான ‘மஸ்’ வடிவமே பேசுங்கள்.

வேலை பற்றி. 2019 ஏப்ரலில் வந்த ‘குறிப்பிட்ட திறன்’ விசாவில் மீன்பிடித் தொழிலும் ஒரு துறை. அதற்கு மொழித் தகுதி என்4 அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்ற இன்னொரு மொழித் தேர்வு, தொழில் திறன் தேர்வு தனி. ‘என்5 போதும், பணத்தைக் கட்டு’ என்று இந்த விசாவைக் காட்டி யாராவது வந்தால் நம்ப வேண்டாம்.

ஜே.எல்.பி.டி. தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிறு. நமக்குச் சென்னையில் மையம் உண்டு. என்5-க்கு 180-க்கு 80 எடுக்க வேண்டும், அதில் கேட்டல் பகுதியில் 60-க்கு 19, மற்ற பகுதியில் 120-க்கு 38 கட்டாயம். பேச்சுத் தேர்வு கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் கடல் தொழிலில் இருப்பவர்களுக்கு ஜூலைத் தேர்வு தோது. விண்ணப்பம் சில மாதம் முன்பே திறந்து மூடிவிடும், கவனம். கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவை ஒரே ஒருமுறைதான் போடுவார்கள். சனி இரவு ரயிலில் கண்விழித்துப் போய் அங்கே உட்காராதீர்கள். வெள்ளி இரவே கிளம்பிவிடுங்கள்.