நேரில் கேட்ட இசை நிகழ்ச்சிகளில் உங்களால் மறக்க முடியாதது எது?

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். மார்கழியில் கேண்டீன் டிபனுக்காகச் சபாவுக்குப் போய், தப்பித்தவறி நல்ல தோடியும் கேட்டிருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் ஞாபகத்துக்கு வந்தது, நான் உடைத்த ஒரு மண்குடம்.

எங்கள் பூர்வீகம் சேரன்மகாதேவி பக்கம். குலசாமி சுடலைமாடன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் சித்திரைக் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, அப்பா, அம்மா, தங்கச்சியோடு என் ஆபீஸ் நண்பனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவன் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவன். சனி, ஞாயிறில் ஒரு பாண்டில் பேஸ் கிட்டார் வாசிப்பான். "வில்லுப்பாட்டுதானே மச்சி, டிவியில சுப்பு ஆறுமுகம் பண்ணுவாரே" என்றான். 2021-இல் பத்மஸ்ரீ வாங்கினாரே, அவரைத்தான் சொன்னான். அது கதை கேட்க வந்தவர்களுக்காகப் பாடுவது, இது சாமி வருவதற்காகப் பாடுவது என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினான். புரிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு வில்லுக்காரர்கள் வேன் வந்தது. வில்லடிக்கும் புலவர், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை என்று ஐந்து பேர். பத்தடி நீளத்துக்குப் பனை வைரத்தில் செய்த வில். அதில் வரிசையாக மணிகள். நண்பன் முன்னால் நானும் ஊர்க்காரன்தான் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில், யாரும் சொல்லாமலே வேனில் ஏறிக் குடத்தை இறக்கினேன். கீழே போடவில்லை. வேன் படியில் லேசாக இடித்தது, அவ்வளவுதான்.

குடம் அடிக்கும் அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும். வாங்கி, விரலால் ஒரு தட்டுத் தட்டினார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் சொத்தென்று வந்தது. உற்றுப் பார்த்தால், கழுத்துக்குக் கீழே மயிரிழை மாதிரி ஒரு கீறல். "போச்சு" என்றார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் குறையையும் சித்தப்பா வந்து தீர்த்துவைத்தார். "ஏலே, ஒன்னய யாருல தூக்கச் சொன்னா?"

வில்லுப்பாட்டில் குடம் இல்லாவிட்டால் மிச்சமிருப்பது பாட்டுதான், வில் கிடையாது. வைக்கோல் பிரிமணையில் குடத்தைச் சாய்த்து வைத்து, அதன் மேல்தான் வில்லைக் கட்டுவார்கள். குடத்தின் வாயைக் கமுகம்பாளை மட்டையால் அடித்தால் அடிவயிற்றிலிருந்து 'கும்' என்று ஒரு சத்தம் வரும். வில்லின் மணிச்சத்தத்தைத் தரையில் பிடித்து வைப்பது அதுதான்.

வேறு குடத்துக்கு வீடு வீடாக ஏறி இறங்கினோம். அத்தை வீட்டில் பிளாஸ்டிக் குடம் ஏழு, எவர்சில்வர் இரண்டு. பெரியப்பா வீட்டில் பிளாஸ்டிக்கிலேயே எல்லா நிறமும் இருந்தது. ஊர் முழுக்கத் தேடியும் மண்ணில் கிடைத்தது, கோடைக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கும் குழாய் வைத்த பானைகள்தான். அண்ணாச்சி ஒன்றைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஓட்ட போட்டது பாடாதுய்யா."

காருகுறிச்சிக்குத்தான் போக வேண்டும். அந்தப் பக்கத்தில் மண்பாண்டம் என்றால் அந்த ஊர்தான். சித்தப்பாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதனால் உடைத்தவனே போகட்டும் என்று முடிவாயிற்று. அத்தை மகன் ஆட்டோ வைத்திருந்தார். அத்தான் ஓட்ட, பின்னால் நான், நண்பன், நடுவில் அண்ணாச்சி. வழியில் அண்ணாச்சி நண்பனிடம், "நாயனம் அருணாசலம் இந்த ஊர்தான், தெரியும்லா?" என்றார். 'கொஞ்சும் சலங்கை' படத்தில் ஜானகி குரலோடு ஈடுகொடுத்த அதே நாதஸ்வரம் என்றதும் நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அது வரைக்கும் ஆட்டோ குலுங்கலில் அவனுக்குக் குமட்டிக்கொண்டிருந்தது.

நாங்கள் கதவைத் தட்டியபோது குயவர் வீட்டில் சாப்பாட்டுக் கை. விஷயத்தைச் சொன்னதும் டார்ச்சைக் கையில் கொடுத்து, பின்கட்டைக் காட்டிவிட்டு மறுபடி சாப்பிட உட்கார்ந்துவிட்டார். ஆளுயரத்துக்கு அடுக்கிய குடங்கள். அண்ணாச்சி குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டினார். காதோடு சேர்த்து வைத்து, கழுத்தில் ஒரு தட்டு, வயிற்றில் ஒரு தட்டு. நண்பனும் சும்மா இருக்காமல் ஒன்றை எடுத்து, "இது நல்லா இருக்கே அண்ணாச்சி, கணீர்னு" என்றான்.

"கணீர்னு இருந்தா சூளையில நல்லா வெந்திருக்குனு அர்த்தம். தண்ணிக்கு ஆகும். எனக்குக் கணீர் வேண்டாம். உள்ள போன சத்தம் கொஞ்ச நேரம் உள்ளேயே நிக்கணும்."

முப்பதுக்கு மேல் தட்டியிருப்பார். கடைசியில் எடுத்தது பார்க்க ஒன்றும் விசேஷமில்லாத, ஒரு பக்கம் கொஞ்சம் கறுத்த குடம். நண்பன் அதன் வாயருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. காசு கொடுக்கும்போது குயவர் மனைவி என்னைக் காட்டி, "இவுகதான் ஒடச்சாகளா? அப்ப ரெண்டா கொண்டு போங்க" என்றார். இரண்டாகத்தான் வாங்கினோம். திரும்பும்போது நல்ல குடத்தை அண்ணாச்சி என் கையில் தரவே இல்லை. மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டார். என்னிடம் கொடுத்தது அந்த இரண்டாவதை.

நாங்கள் வரும்வரை நையாண்டி மேளக்காரர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக இழுத்துச் சமாளித்திருந்தார்கள். தவில்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

பத்து மணிக்கு வில் ஏறியது. கைலாயத்தில் பார்வதி முந்தானை ஏந்த, விளக்குச் சுடர் தெறித்து விழுந்து சுடலை பிறந்த கதை. பிறகு பிள்ளை சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்ற கதை. புலவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாட, வில்லடிக்கும் வீசுகோல் நாணில் விழுந்தபடி இருந்தது. நண்பன் முதலில் தொடையில் தாளம் போட்டுக் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தான். எங்கோ விட்டுவிட்டான், பிறகு கையை எடுத்துவிட்டான். "இவ்வளவு பேஸ் ஒரு பானைல இருந்து வருதா?" என்றான். மைக்செட் குழாய் ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் சரியாக ஏறவே இல்லை. அதனால் இருவரும் நகர்ந்து நகர்ந்து, வில்லுக்கு நாலடி தள்ளி, தூங்கிக்கிடந்த பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தோம். அங்கே அது காதில் கேட்கவில்லை. உட்கார்ந்திருந்த தரை வழியாக வந்தது.

சாமத்தில் சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டு. சித்தப்பாதான் கோமரத்தாடி, அதாவது சாமியாடி. சாமியாடும் உடுப்பான சல்லடமும் குல்லாயும் கட்டி, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். வில்லும் உடுக்கையும் வேகம் கூடிக்கூடிப் போக, அண்ணாச்சி மட்டும் அவசரப்படாமல் சித்தப்பா முகத்தையே பார்த்து அடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று இரட்டிப்பாக்கினார். அடுத்த அடியில் சித்தப்பா அந்தரத்தில் இருந்தார். பெண்கள் குலவையிட்டார்கள். எல்லாவற்றுக்கும் சிரிக்கும் என் தங்கச்சி என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சாமி வேட்டைக்குப் போய்த் திரும்பி வந்து வரிசையாக எல்லோருக்கும் திருநீறு பூசிவிட்டுக்கொண்டே வந்தது. என் முன்னால் வந்தபோது எனக்கு உதறல். குடம் விஷயத்தைச் சபையில் கேட்டுவிடுமோ என்று. நெற்றி நிறையப் பூசிவிட்டு நகர்ந்துவிட்டது.

காலையில் சித்தப்பா குளித்துவிட்டு, டீயும் கொடை வரி நோட்டுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சாமி மறந்தாலும் அவர் மறக்கவில்லை. "குடம் ரெண்டு, ஆட்டோ வாடகை, மேளத்துக்குக் கூடுதல். ஒம் பேர்ல எழுதியாச்சுல."

அடுத்த வருஷம் கொடை நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்தது. அன்னதானம், பந்தல், ஒலி ஒளி என்று உபயதாரர் வரிசையில் கடைசியாக, 'வில்லிசைக் குடம் உபயம்' என்று போட்டு என் பேர். அது இன்று வரை நிற்கவில்லை, வருஷா வருஷம் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டாவது குடத்தில் அத்தை புளி போட்டு வைத்திருக்கிறார்.