சரிவில் ஓர் ஓடுபாதை

அன்புள்ள ஐயா,

யாழ்ப்பாணத்தின் பலாலி விமானத்தளம் பற்றிய கட்டுரையில் "ஓடுபாதை எப்போதும் சமதரையைத் தேடிப் போகும்" என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சொந்த ஊர் இணுவில். பனிக்காலங்களில் பிரான்சின் அல்ப்ஸ் மலையிலுள்ள பனிச்சறுக்கு ஊரான கூர்ஷவெல்லில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை செய்கிறேன். இங்கே ஊருக்கு மேலே 'அல்ரிபோர்' என்றொரு சின்ன விமானத்தளம் உண்டு. அதன் ஓடுபாதை கூரையைப் போலச் சரிந்து கிடக்கிறது. விமானம் மலையில் மோதப்போவது போல வந்து, மேலேறி நின்றுவிடுகிறது. இறங்குகிறவர்கள் பெரும் பணக்காரர்கள். இப்படிக் கட்டியது அவர்களுடைய பகட்டுக்காகத்தானே?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் என் வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன். கடற்கரையிலுள்ள கீரிமலையையும் மலை என்றே சொல்லிப் பழகிய ஊரில் இருந்துகொண்டு, உலகத்து ஓடுபாதைகள் எல்லாவற்றுக்கும் விதி சொல்லியிருக்கக் கூடாது. பலாலியில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படைக்குச் சமதரை தாராளமாகக் கிடைத்தது. 1947 டிசம்பரில் கொழும்பிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எயார் சிலோனின் டக்கோட்டா விமானம் வழியில் இறங்கிச் சென்றதும் அந்தத் தரையில்தான். நீங்கள் சொல்லும் இடத்தில் அப்படியொரு தரை கிடையாது.

அந்தத் தளம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஓடுபாதையின் நீளம் வெறும் 537 மீற்றர். அதன் மிகச் செங்குத்தான பகுதியின் சரிவு 18 சதவீதத்துக்கும் மேல். அதே சரிவில் நூறு மீற்றர் நடந்தால், வளர்ந்த பனையொன்றின் உயரத்துக்கு ஏறியிருப்பீர்கள். விமானம் எப்போதும் மேட்டை நோக்கி இறங்கும், பள்ளத்தை நோக்கிப் புறப்படும். இறங்கும்போது ஏற்றமே பிரேக்காகிறது. உயரத்தில் காற்று அடர்த்தி குறைந்து இயந்திரமும் இறக்கையும் சோர்ந்துபோகும் இடத்தில், புறப்படும் விமானத்துக்கு வேண்டிய வேகத்தை இறக்கம் கொடுக்கிறது. ஆகவே அந்தச் சரிவு நீளத்துக்குப் பதிலாக வாங்கப்பட்டது. சக்கரம் தரையைத் தொட்ட பிறகும் விமானி இயந்திரத்தின் விசையைக் கூட்டுவதை நீங்கள் கவனித்திருக்கக்கூடும். கூட்டாவிட்டால், மேட்டுப் பாதையில் மிதிக்க மறந்த சைக்கிளைப் போல விமானம் நடுவழியில் நின்றுவிடும். உச்சியிலுள்ள சமதரைக்கு ஏறாது.

இந்த வித்தையைப் பணக்காரர்களுக்காக யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1950களில் சுவிற்சர்லாந்தின் சியோன் நகரைச் சேர்ந்த ஹெர்மன் கைகர் என்ற விமானி, சறுக்குக் கட்டைகள் பொருத்திய சிறு விமானத்தில் பனியாறுகளில் ஏற்றத்தை நோக்கி இறங்கி, இறக்கத்தை நோக்கிப் புறப்பட்டுக் காட்டினார். மலைக் குடில்களுக்குப் பொருட்கள் கொண்டுபோவதும், விபத்தில் சிக்கிய மலையேறிகளை மீட்பதும் அவருடைய வேலையாக இருந்தன. 1960இல் ஹென்றி ஜிரோ என்ற பிரெஞ்சு விமானி மொன்ற் பிளாங் சிகரத்திலேயே இறங்கினார். அடுத்த ஆண்டு எயார் அல்ப்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மிஷேல் ஸீக்லர் என்பவர்தான், மூட்டைக்கும் மீட்புக்கும் பழகிய அந்த முறையைப் பயணிகளுக்குரிய தொழிலாக்கினார். கூர்ஷவெல் தளம் அந்த ஆண்டுகளில் எழுந்தது.

பயணிகள் என்றால் எத்தகையவர்கள்? இதற்கும் ஓடுபாதையின் நீளம்தான் பதில். 537 மீற்றரில் சிறிய விமானமே இறங்க முடியும். சிறிய விமானத்தில் சிலரே ஏற முடியும். சிலரே பகிரும் செலவு தலைக்குப் பெருந்தொகையாகிறது. அடிவாரத்திலுள்ள மூத்தியே ரயில் நிலையத்திலிருந்து பனிக்காலச் சனிக்கிழமைகளில் வாகனங்கள் நகர்ந்து ஏறும் மலைப்பாதையை நீங்கள் நன்றாக அறிவீர்கள். அந்த மணிநேரங்களை விலைகொடுத்து மிச்சப்படுத்த வல்லவர்களுக்காகவே அந்த விமானத்தளம் கட்டப்பட்டது என்பதில் உங்களோடு எனக்கு வாதமில்லை. என் மறுப்பெல்லாம் 'பகட்டு' என்ற சொல்லோடுதான். பகட்டைத் தேடுவதானால் ஊரின் பெயரில் தேடலாம்: 'கூர்ஷவெல் 1850' என்கிறார்களே, அந்த மையத்தின் உண்மையான உயரம் ஏறத்தாழ 1,750 மீற்றர்தான், போட்டி ஊரான வல் திஸேருக்குக் குறையக் கூடாது என்று நூறு மீற்றரைச் சேர்த்துக்கொண்டார்கள்!

ஊரின் தொடக்கமும் செல்வந்தரின் கதையாக இருக்கவில்லை. போருக்குப் பின், 1946இல், சவோய் மாவட்ட நிர்வாகம் பொதுப்பணத்தில் தொடங்கிய ஊர் அது. அதன் வரைபடத்தை உருவாக்கிய லொறான் ஷப்பி என்ற கட்டடக்கலைஞர், போர்க்கைதியாக ஒஸ்திரியாவின் முகாமொன்றில் இருந்தபோதே அந்த மலைகளைப் பற்றி ஆராய்ந்து எழுதிக்கொண்டிருந்தவர்.

கடைசியாக, நீங்கள் பார்த்துப் பயந்த அந்த "மோதப்போவது போல" என்பது வெறும் தோற்றமன்று. ஓடுபாதையின் முடிவில் மலை எழுந்து நிற்பதால், குறிப்பிட்ட இடத்தைத் தாண்டிய விமானம் இறங்கும் எண்ணத்தைக் கைவிட்டு மேலே வட்டமடிக்க முடியாது. அதனால் அங்கே இறங்க விமானிக்குத் தனிப் பயிற்சியும் தகுதியும் வேண்டும். 2019 பெப்ரவரியில் ஒரு சிறு விமானம் உச்சியில் நிற்காமல் போய்ப் பனிமேட்டில் மூக்கைப் புதைத்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. கருவிகளை மட்டும் நம்பி இறங்கும் ஏற்பாடும் அங்கே கிடையாது. விமானி கண்ணால் பார்த்தே இறங்க வேண்டும். முகில் மூடிய நாட்களில், உங்கள் விடுதி விருந்தினர்களும் மூத்தியே வழியாகத்தான் வந்து சேர்வார்கள்; அன்றைக்குச் சமையலறையில் இரவுணவு பிந்துமென்று நினைக்கிறேன்.