ஊதா, சிவப்பு, மஞ்சள்: குட்டிக் கிழங்கை நிறம் கெடாமல் பிரட்டுவது எப்படி?

வெள்ளவத்தையிலிருந்து வாசகி ஒருவர் கேட்கிறார்: "சுப்பர் மார்க்கெட்டில் அரைக் கிலோ பக்கெட் ஒன்று வாங்கினேன். ஊதா, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று நிறத்தில் குட்டிக் குட்டி உருளைக்கிழங்கு. வழமைபோலக் குக்கரில் மூன்று விசில் விட்டு, தோலை உரித்து, மஞ்சள் போட்டுப் பால்கறி வைத்தேன். சிவப்பு வெளிறிப் போச்சு. ஊதா சாம்பல் நிறமாகி, குழம்பே பாசி பிடித்த தண்ணி மாதிரி ஆகிவிட்டது. பாதிக் கிழங்கு கரைந்தும் போனது. ஞாயிறு மதியம் ஆறு பேருக்குச் சோற்றோடு வைக்க என்ன செய்யலாம்? தோலை உரிக்கவே கூடாதா?"

உரிக்கவே வேண்டாம். முதல் தவறு அங்கேதான் நடந்திருக்கிறது. இந்த மூன்று நிறமும் கிழங்கில் வேறு வேறு இடங்களில் இருக்கின்றன. சிவப்புக் கிழங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு நிறம் தோலில் மட்டும்தான். உள்ளே வெள்ளை அல்லது இளமஞ்சள். தோலைக் கழற்றினால் சாதாரணக் கிழங்குதான் மிஞ்சும். மஞ்சளின் நிறம் கரோட்டினொயிட். அது தண்ணீரில் கரையாது, அதனால் எப்படிச் சமைத்தாலும் நின்றுவிடும். ஊதாதான் சங்கடம் கொடுப்பது. அதன் சதை முழுக்க அந்தோசயனின் என்ற நிறமி. நாவற்பழத்திலும் சங்குப்பூவிலும் இருக்கும் அதே குடும்பம். அது தண்ணீரில் கரையும், புளிப்பைப் பொறுத்து நிறமும் மாறும். சங்குப்பூத் தேநீரில் தேசிக்காய் பிழிந்தால் நீலம் ஊதாவாகிறதே, அதே கதைதான். புளிப்பு இருந்தால் சிவப்புப் பக்கம் போகும், இல்லாவிட்டால் நீலத்துக்குத் திரும்பும்.

தேங்காய்ப்பாலில் புளிப்பு மிகக் குறைவு. தோல் உரித்த ஊதாக் கிழங்கு அதில் நிறத்தை விட்டு நீலமாகியிருக்கிறது. அந்த நீலத்தோடு மஞ்சள் தூளின் மஞ்சள் சேர்ந்தால் வருவது பாசிப் பச்சை. ருசி கெடவில்லை, சாப்பிடவும் பயமில்லை. ஆனால் பால்கறி ஊதாவுக்கு ஏற்ற இடமல்ல. குழம்பு இல்லாத பிரட்டல்தான் இந்தக் கலவைக்குச் சரி: தோலோடு முழுசாக அவித்து, உலர்த்தி, லேசாக நசித்து, எண்ணெயில் முறுக விட்டு, தாளிதத்தில் பிரட்டி எடுப்பது.

சோற்றோடு பருப்பும் இன்னும் இரண்டு கறியும் இருக்குமென்றால் ஆறு பேருக்கு அரைக் கிலோ போதும். இதுதான் முக்கியக் கறி என்றால் முக்கால் கிலோ எடுங்கள். கீழே வரும் அளவுகள் அரைக் கிலோவுக்கு.

முதலில் கிழங்கைப் பாருங்கள். பச்சை ஏறிய கிழங்கில் சொலனின் என்ற நஞ்சு கூடுதலாக இருக்கும், அவித்தாலும் பொரித்தாலும் அது அழியாது. வெள்ளைத் தோலில் பச்சை உடனே கண்ணுக்குத் தெரியும். சிவப்பு, ஊதாத் தோல் அதை மறைத்துவிடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. சந்தேகமான இடத்தில் நகத்தால் தோலைச் சுரண்டிப் பாருங்கள். கீழே பச்சை தெரிந்தால், பெரிய கிழங்கில் செய்வதுபோல வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைப் போடலாம் என்று நினைக்க வேண்டாம். இந்த அளவுக் கிழங்கில் மிச்சம் என்று ஒன்று இல்லை, எறிந்துவிடுங்கள். அவித்த பிறகு கைப்பு தட்டினாலும் அப்படியே.

தோலோடு சாப்பிடுவதால் மண் போக வேண்டும். 10 நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் அல்லது தேங்காய்த் தும்பால் தேயுங்கள். அழுத்தித் தேய்த்தால் சிவப்புத் தோல் உரிந்து வரும், கவனம். பிறகு அளவு பாருங்கள். 3 முதல் 4 சென்ரிமீற்றர் குறுக்களவு இருப்பவை ஒன்றாக வேகும். பெரியவற்றை இரண்டாக வெட்டிப் போடத் தோன்றும். செய்யாதீர்கள், வெட்டிய முகத்தால்தான் நிறம் ஒழுகும். அவற்றை முழுசாகவே போட்டு, கடைசியாக வெளியே எடுங்கள்.

சிவப்பையும் மஞ்சளையும் தண்ணீரில் அவிக்கலாம். ஊதாவை ஆவியில்தான் அவிக்க வேண்டும். வீட்டில் இடியப்பம் அவிக்கும் பாத்திரம் இருந்தால் இரண்டும் ஒரே அடுப்பில் முடிந்துவிடும். கீழே 1 லீற்றர் குளிர்ந்த தண்ணீர், 2 மட்டத் தேக்கரண்டி உப்பு, அதில் சிவப்பும் மஞ்சளும். மேல் தட்டில் ஒரு துண்டு வாழையிலை விரித்து அதன்மேல் ஊதா. இலை எதற்கென்றால், ஊதாவிலிருந்து வடியும் துளிகள் கீழே மஞ்சளில் கறை பிடிக்காமல் இருக்க. ஓரத்தில் ஆவி ஏற இடம் விடுங்கள்.

கொதிதண்ணீரில் கிழங்கைப் போட வேண்டாம். அப்படிப் போட்டால் உள்ளே சூடு போய்ச் சேருமுன் வெளிப்புறம் வெந்து பிளக்கும். குளிர்ந்த தண்ணீரிலிருந்து மெல்ல ஏறும்போது கிழங்கு 55 முதல் 60 பாகை செல்சியஸைத் தாண்டும் நேரத்தில் ஒரு நொதி வேலை செய்து, சதையை ஒன்றாக ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்ரினை இறுக்கிவிடும். கிழங்கு கரையாமல் நிற்பதற்கு அந்தச் சில நிமிடங்கள் உதவும். கொதி வந்ததும் நெருப்பைக் குறைத்து, தண்ணீர் மெல்லத் தளம்பும் அளவில் 10 முதல் 12 நிமிடம். துள்ளிக் கொதித்தால் கிழங்குகள் ஒன்றோடொன்று மோதித் தோல் கிழியும். மேலே இருக்கும் ஊதாவுக்கு ஆவி வந்ததிலிருந்து 18 முதல் 22 நிமிடம் பிடிக்கும், ஆகவே கீழுள்ளவற்றை முதலில் எடுத்துவிட்டு ஊதாவைத் தொடர்ந்து விடுங்கள்.

வெந்ததா என்று பார்க்க முள்ளுக்கரண்டி வேண்டாம், ஓட்டை பெரிதாகிவிடும். சுத்தமான ஈர்க்கு ஒன்றால் குத்திப் பாருங்கள். நடுவில் சற்றே தடுத்து, பிறகு வழுக்கிப் போக வேண்டும். தடையே இல்லாமல் போனால் கொஞ்சம் பிந்திவிட்டீர்கள். அந்தக் கிழங்கை நசிக்காமல் முழுசாகவே பிரட்டுங்கள்.

குக்கரைப் பற்றி: உள்ளே வெப்பம் 120 பாகையை நெருங்கும். விசிலை இழுத்து ஆவியைத் திடீரென்று வெளியேற்றினால் கிழங்குக்குள் இருக்கும் நீரும் அதே வேகத்தில் ஆவியாகித் தோலை வெடிக்க வைக்கும். மூன்று விசில் இந்த அளவுக்கு மிக அதிகம். வேறு வழியில்லை என்றால் அடியில் ஒரு கோப்பை தண்ணீர், மேலே தட்டில் கிழங்கு, ஒரு விசில், அடுப்பை நிறுத்தி ஆவி தானாக இறங்கும்வரை காத்திருங்கள்.

இனி உலர்த்தல். கொழும்பு வெக்கையில் இதைத்தான் எல்லோரும் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால், அந்த ஈரம் ஆவியாகி முடியும்வரை கிழங்கு முறுகாது. அதற்குள் எண்ணெயைக் குடித்து, அடியில் ஒட்டி, தோல் தாச்சியோடு போய்விடும். வடித்த கிழங்கைத் துணியில் ஒன்றுக்கொன்று தொடாமல் பரப்பி, மின்விசிறிக் காற்றில் 15 நிமிடம் விடுங்கள். தோலின் பளபளப்புப் போய் மங்கலாக வந்தால் சரி. முதல்நாள் இரவே அவித்து, ஆறியதும் மூடாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது இன்னும் நல்லது: மாச்சத்து இறுகி, நசிக்கும்போது உடையாது, மேல்தோலும் நன்றாகக் காய்ந்திருக்கும். ஞாயிறு விருந்துக்குச் சனி இரவு அவிப்பதே என் விருப்பம். இந்த வெக்கையில் அவித்த கிழங்கை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம்.

உலர்ந்ததைப் பலகையில் வைத்து, தட்டையான அடியுள்ள தம்ளரால் ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்பு வரும்வரை மெல்ல அழுத்துங்கள். ஓரம் வெடித்து உள்நிறம் தெரிய வேண்டும், துண்டாகப் பிரியக் கூடாது. இப்போது உள்சதை வெளியே தெரிந்தாலும் ஊதா ஒழுகாது, எண்ணெயில் அந்த நிறமி கரைவதில்லை.

அகலமான எவர்சில்வர் அல்லது ஒட்டாத தாச்சி எடுங்கள். பழைய இரும்புத் தாச்சி இதற்கு வேண்டாம். அந்தோசயனின் இரும்போடு சேர்ந்தால் கறுத்த நீலமாக மாறும். 3 மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயைக் காயவிட்டு, கிழங்குகளை ஒற்றை வரிசையாகப் பரப்பி, நடுத்தர நெருப்பில் 4 முதல் 5 நிமிடம் தொடாமல் விடுங்கள். கை துறுதுறுத்தாலும் அகப்பையைக் கீழே வையுங்கள். முறுகிய பக்கம் தானாகவே தாச்சியை விட்டு எழும்பும், எழும்பாவிட்டால் இன்னும் நேரமிருக்கிறது. மறுபக்கம் 3 நிமிடம். ஒரு தட்டில் எடுத்து வையுங்கள்.

அதே எண்ணெயில் அரைத் தேக்கரண்டி கடுகு. வெடித்ததும் அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகம், கிள்ளிய செத்தல் மிளகாய் 3, விரல் நீள ரம்பைத் துண்டு, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை. பிறகு நீளமாக அரிந்த 100 கிராம் சின்ன வெங்காயமும் நசித்த 4 பல் உள்ளியும். வெங்காயத்தின் ஈரம் முழுக்க வற்றி ஓரம் பொன்னிறமாகும்வரை வதக்குங்கள். வெங்காயத்தைக் கிழங்கோடு சேர்த்து வதக்கினால் அது விடும் தண்ணீரில் முறுகல் எல்லாம் ஊறிப் போகும். தனித்தனியாகச் செய்வது அதனால்தான். மாசி சாப்பிடுபவர்கள் இடித்த மாசிக்கருவாடு ஒரு மேசைக்கரண்டியை வெங்காயம் பொன்னிறமாகத் தொடங்கும்போது போடலாம். விரத நாளென்றால் மாசி, வெங்காயம், உள்ளி மூன்றையும் விட்டு, கடுகோடு ஒரு சிட்டிகை பெருங்காயமும், இறக்கும்போது வறுத்துப் பொடித்த பெருஞ்சீரகம் அரைத் தேக்கரண்டியும் சேருங்கள். குறை தெரியாது.

அடுப்பை நிறுத்திவிட்டு, இடித்த செத்தல் மிளகாய் ஒன்றரைத் தேக்கரண்டி. நெருப்பு இருக்கும்போது போட்டால் இரண்டு மூச்சில் கருகிக் கைக்கும். கிழங்கைத் திரும்பக் கொட்டி, கால் தேக்கரண்டி உப்புத் தூவி, இரண்டு தடவை பிரட்டுங்கள். கடைசியாக 2 தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு. ஊதாக் கிழங்கு அந்த இடத்திலேயே சிவந்து பளிச்சென்று வரும். சாற்றை முன்கூட்டியே அவிக்கும் தண்ணீரில் பிழிய வேண்டாம்: புளிப்பு பெக்ரினை இறுக்கும், கிழங்கு எவ்வளவு நேரம் அவித்தாலும் நடுவில் நறுக்கென்றே இருக்கும். புளிக்கும் அதே சட்டம்தான். அப்பச்சோடா அதற்கு நேர்மாறு: சதையைக் குழைத்து, ஊதாவை நீலப் பச்சையாக்கிவிடும். மஞ்சள் தூளும் வறுத்த கறித்தூளும் இந்தப் பிரட்டலுக்குத் தேவையில்லை, இரண்டும் நிறத்தை மூடிவிடும்.

எண்ணெய் குறைக்க விரும்பினால், நசித்த கிழங்கில் ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் பூசி அவனில் 200 பாகையில் 25 நிமிடம், அல்லது எயார் பிரையரில் 190 பாகையில் 12 முதல் 15 நிமிடம். தாளிதத்தைத் தனியாகச் செய்து மேலே கொட்டுங்கள்.

பால்கறிதான் வேண்டும் என்று வீட்டில் கேட்டால், பக்கெட்டிலிருந்து மஞ்சள் கிழங்கை மட்டும் பொறுக்கி வையுங்கள். தோலோடு அவித்து, இரண்டாம் பாலில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, முதற்பாலை ஊற்றி ஒரு கொதியோடு இறக்கினால் போதும்.

பல நிறப் பக்கெட் எப்போதும் கிடைக்காது, விலையும் கூட. சந்தையில் சாதாரணப் பொடிக் கிழங்கில் இதே முறையைச் செய்யலாம், நுவரெலியா, வெலிமடை, யாழ்ப்பாணம் எதுவாக இருந்தாலும். ஒன்றை மட்டும் சோதியுங்கள். சிறிய கிழங்கெல்லாம் இளங்கிழங்கல்ல. மாப்பற்றான இனத்தில் வளராமல் போனதும் பொடியாகத்தான் இருக்கும், அது அவிக்கையில் உதிரும். ஒடுங்கிய தம்ளரில் 11 மேசைக்கரண்டி தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து ஒரு கிழங்கைப் போடுங்கள். மிதந்தால் கட்டியாக நிற்கும் இனம், பிரட்டலுக்கு நல்லது. அமிழ்ந்தால் மாப்பற்று, அதை மசித்து ரோல்ஸுக்கோ கட்லட்டுக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சையாக மிஞ்சிய கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் மாச்சத்து சீனியாக மாறும், அடுத்த தடவை பொரிக்கும்போது உள்ளே வேகுமுன் வெளியே கறுக்கும். பிளாஸ்ரிக் பக்கெட்டிலிருந்தும் எடுத்துவிடுங்கள், வியர்த்து அழுகும். கழுவாமல், கடதாசிப் பையில், வெளிச்சம் படாத காற்றோட்டமான இடத்தில், வெங்காயக் கூடையிலிருந்து தள்ளி வையுங்கள். இங்குள்ள வெக்கைக்கு ஒரு கிழமைக்குள் சமைத்துவிடுவது நல்லது.