பங்குனி ஆமைகளும் இரவு நடையும்: கேள்வி பதில்

சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைக் காக்க, மாணவர்கள் 1988இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அதன் தன்னார்வலர்கள் இரவில் கரையோரம் நடக்கிறார்கள். இதைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இங்கே.

ஆமை வந்துபோனது இருட்டில் எப்படித் தெரியும்? – கல்லூரி மாணவி, தாம்பரம்

தடம் சொல்லிவிடும், தங்கையே. துடுப்புகள் மாறி மாறி மணலை வாரிச் சென்ற, ஏறக்குறைய இரண்டடி அகலத் தடம் அது. ஏறிய தடத்துக்கும் இறங்கிய தடத்துக்கும் நடுவே மணல் கலைந்திருக்கும். அங்கே கம்பை மெல்ல ஊன்றிப் பார்ப்போம். மணல் இளகிய இடத்தில் கம்பு சட்டென்று இறங்கும். அதன்பின் கையால்தான் தோண்ட வேண்டும். சுமார் ஒன்றரை அடி ஆழத்தில், கழுத்து குறுகி வயிறு அகன்ற குடம்போன்ற குழிக்குள் நூறு முட்டைகள் வரை, சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். இட்ட சில மணி நேரத்துக்குள் அவற்றை உருட்டாமல், குலுக்காமல் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே வடிவில் குழி தோண்டிப் புதைப்போம். நேரம் கடந்தால் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அப்போது முட்டை புரண்டால் கரு இறந்துவிடும்.

இட்ட இடத்திலேயே விட்டுவிடுவதுதானே இயற்கை? – ஆசிரியர், திருவான்மியூர்

நீங்கள் சொல்வதுதான் சரி, ஐயா. குழியின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. அதில் நாம் கைவைக்காமல் இருப்பதே நல்லது. ஆனால் நகரக் கரையில் நாய்கள் முட்டைகளைத் தோண்டித் தின்கின்றன. தப்பிப் பொரிந்த குஞ்சுகளையோ விளக்குகள் ஏமாற்றுகின்றன. அவை வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பிச் செல்லும் இயல்புடையவை. தெருவிளக்கு எரிந்தால் சாலைக்கு ஏறிச் சாகின்றன. கரை இருட்டாக, நாயில்லாமல் இருந்தால் பொரிப்பகமே தேவையில்லை.

என் வீடு கடலைப் பார்த்திருக்கிறது. நான் என்ன செய்யலாம்? – இல்லத்தரசி, நீலாங்கரை

அம்மா, ஜனவரி முதல் மே வரை கடலை நோக்கிய விளக்கை அணையுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள். ஒரு தெரு இருண்டால் அது எங்கள் பல இரவு நடைக்குச் சமம்.

2025 ஜனவரியில் அத்தனை ஆமைகள் செத்து ஒதுங்கினவே, மீனவர்கள்தானே காரணம்? – வாசகர், அடையாறு

எல்லா மீனவர்களையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். விசைப்படகுகள் மணிக்கணக்காக இழுத்துச் செல்லும் இழுவலைக்குள் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. ஆமை வெளியேற வழிவைத்த வலைகளும் இருக்கின்றன. ஆமைக்காலத்திலாவது விதியைக் கறாராக அமல்படுத்துங்கள் என்று கேட்பதுதான் நம் வேலை. சிறுபடகு மீனவர்கள் எங்களுக்குத் துணை. தடம் கண்டால் முதலில் சொல்பவர்களில் அவர்களும் உண்டு.

குஞ்சைக் கையில் எடுத்துக் கடலில் விடலாமா? பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். – தந்தை, வேளச்சேரி

வேண்டாம். மணலில் தானே நடந்து போகட்டும். மேலும், இந்த ஆமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புப் பெற்ற உயிரினங்களின் பட்டியலில், இருக்கிறது. பிள்ளைகளைத் தள்ளி நிற்கவைத்துக் காட்டுங்கள்; ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.