ஒரே ஓர் ஆண் வாத்தை மட்டும் நம்பி இனம் காக்க முடியுமா? வெல்ஷ் ஹார்லெக்வின் வாத்து கேள்வி-பதில்

1949-ல் லெஸ்லி பானெட் என்பவரின் காக்கி கேம்பல் இன வாத்துக் கூட்டத்தில் வெளிர் நிறத்தில் பொரிந்த இரண்டு குஞ்சுகளிலிருந்து வந்த இனம் இது. ஆரம்பமே சிறியது. அதனால்தான் வந்த கேள்விகளில் பாதி, சுற்றி வளைத்து இணைசேர்ப்பிலேயே வந்து நிற்கின்றன.

ஓர் ஆண், பத்துப் பெட்டை வைத்திருக்கிறேன். கூமுட்டை அதிகம் இல்லை. பிறகு எதற்கு இன்னும் ஆண்கள்?

முட்டையில் கரு கூட ஓர் ஆண் போதும். இனம் தாக்குப்பிடிக்கப் போதாது. ஆண் எண்ணிக்கையைப் பெட்டை எண்ணிக்கையால் பெருக்குங்கள். அதை 4-ஆல் பெருக்கி, மொத்த வாத்துகளின் எண்ணிக்கையால் வகுங்கள். உங்கள் கூட்டத்துக்கு 3.6 வரும். கொட்டிலில் 11 வாத்து நின்றாலும் மரபுக் கணக்கில் நான்குகூட இல்லை என்று பொருள். 4 ஆண், 8 பெட்டை என்றால் அதே கணக்கு 10.7 ஆகிறது, ஒரே ஒரு வாத்துதான் கூடியிருக்கிறது. தலைமுறைக்கு ஏறும் உள்ளினக் கலப்பு (நெருங்கிய உறவுக்குள் சேர்வது) முதல் கூட்டத்தில் ஏறக்குறைய 14 சதவீதம், இரண்டாவதில் 5-க்கும் கீழே.

அதற்காக நான்கு ஆண்களையும் எட்டுப் பெட்டைகளோடு ஒன்றாக அவிழ்த்துவிடாதீர்கள். பெட்டைகளின் பின்கழுத்து மொட்டையாகும், முதுகு புண்ணாகும். ஒரு நேரத்தில் நான்கைந்து பெட்டைக்கு ஓர் ஆண் என்பதே அளவு. மிச்ச ஆண்களைத் தனிக் கொட்டிலில் போட்டு, முறைவைத்து மாற்றுங்கள். பெட்டை கண்ணில் படாதவரை அவை பெரும்பாலும் சண்டையில்லாமல் இருக்கும்.

இடம் இருந்தால் மூன்று கொட்டில் முறையே சிறந்தது. அ, ஆ, இ என்று பிரியுங்கள். மகள்கள் தாயின் கொட்டிலிலேயே தங்கட்டும். மகன்கள் அ-விலிருந்து ஆ-வுக்கு, ஆ-விலிருந்து இ-க்கு, இ-யிலிருந்து அ-வுக்குப் போகட்டும். எல்லா ஆண்டும் இதே திசைதான். வெளியிலிருந்து புது ரத்தம் கிடைக்காத ஆண்டுகளிலும் அண்ணன் தங்கை சேர்வது இதில் தவிரும்.

ஆணை மாற்றியதும் அடை வைக்க அவசரப்பட வேண்டாம். பழைய ஆணின் விந்து பெட்டையின் உடலில் தங்கி இரண்டு வாரம்வரைகூட வேலை செய்யும். மூன்று வாரம் கழித்து எடுக்கும் முட்டைதான் புதிய ஆணுடையது என்று நம்பி எழுதலாம்.

எழுதுவதென்றால் அடையாளம் வேண்டும். குஞ்சின் காலில் வளையம் நிற்காது. நழுவும், அல்லது கால் பருத்து இறுக்கும். பொரித்த அன்றே விரலிடைச் சவ்வில் சிறு துளை போடுவதுதான் வழக்கம். இரண்டு காலுக்கும் சேர்த்து நான்கு சவ்வு. துளை உண்டு, இல்லை என்று மாற்றினாலே 16 குடும்பங்களைப் பிரித்துவிடலாம்.

இந்த இனத்தில் முதல் நாளிலேயே ஆண், பெண் தெரியும் என்கிறார்களே?

தெரியும், அலகைப் பார்த்து. ஆண் குஞ்சின் அலகு கருமையாக இருக்கும். பெண் குஞ்சின் அலகு வெளிறி, நுனியில் மட்டும் கறுத்திருக்கும். பொரித்த அன்றோ மறுநாளோ பாருங்கள். சில நாளில் வித்தியாசம் மங்கிவிடும். பத்தில் ஒன்று தவறலாம். சந்தேகமானதைத் தனியே குறித்து வையுங்கள். ஐந்தாறு வாரத்துக்கு மேல் குரல் உடையும்போது 'குவாக்' என்று உரக்கக் கத்துவது பெட்டை, கரகரப்பது ஆண்.

அடை வைத்த 28-ஆம் நாள் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கிறது. வெப்பம் 37.5 டிகிரியில் சரியாகத்தான் இருக்கிறது.

வெப்பம் சரியென்றால் அடுத்து ஈரப்பதத்தைச் சந்தேகியுங்கள். ஆனால் ஈரமானியின் எண்ணை நம்பி உட்காராதீர்கள், தராசை நம்புங்கள். அடை வைக்கும் நாளில் பத்து முட்டையில் பென்சிலால் எண்ணிட்டு எடை போடுங்கள். வாரம் ஒருமுறை மீண்டும் போடுங்கள். 80 கிராம் முட்டை நாளுக்கு ஏறக்குறைய 0.4 கிராம் குறைய வேண்டும்; 25-ஆம் நாள் 70 கிராமுக்கு அருகில் நிற்க வேண்டும். 73, 74 என்று நின்றால் காற்றறை (ஓட்டுக்குள் காற்று நிற்கும் இடம்) சிறியது. குஞ்சு நீர் கோத்து, உள்சவ்வைக் கிழித்தபின் மூச்சுக்கு இடமில்லாமல் சாகும். அப்போது ஈரத்தைக் குறையுங்கள். மாறாக 66-க்கு இறங்கியிருந்தால் சவ்வு காய்ந்து தோல்போல ஒட்டி, குஞ்சு திரும்ப முடியாமல் கிடக்கும். 55 சதவீத ஈரப்பதத்தில் தொடங்கி, தராசு சொல்வதற்கேற்ப ஏற்றி இறக்குவதே முறை.

25-ஆம் நாள் முட்டை திருப்புவதை நிறுத்தி ஈரத்தை 70-க்கு மேல் ஏற்றுங்கள். அதன்பிறகு மூடியைத் திறக்காதீர்கள். ஆவலில் திறக்கும் ஒவ்வொரு முறையும் சேர்த்த ஈரமெல்லாம் ஒரு மூச்சில் போய்விடும். ஓட்டில் ஓட்டை விழுந்தபின் வெளிவர ஒன்றரை நாள் ஆவது சகஜம். உடனே உரித்து உதவினால் சவ்வின் ரத்தநாளங்கள் வற்றுவதற்கு முன்பே கிழியும். குஞ்சு ரத்தம் கசிந்து சாகும்.

இன்னொன்று, சேமிப்பு. ஏழு நாளுக்கு மேல் வைத்த முட்டைகளில் பொரிப்பு குறைந்துகொண்டே போகும். 13 முதல் 15 டிகிரி வெப்பத்தில் வையுங்கள். வீட்டுக் குளிர்பெட்டி இதைவிட மிகக் குளிர்ச்சி, அது ஆகாது.

இரண்டு வாரக் குஞ்சுகள் கால் வளைந்து, குந்தியபடியே நகர்கின்றன. கோழிக்குஞ்சுத் தீவனம்தான் போடுகிறேன்.

நியாசின் (வைட்டமின் பி3) பற்றாக்குறையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வாத்துக்குஞ்சுக்குக் கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் வேண்டும். கோழிக்குஞ்சுக்கு அவ்வளவு தேவையில்லை என்பதால் அதன் தீவனத்தில் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். 4 லிட்டர் குடிநீரில் 100 முதல் 150 மில்லிகிராம் நியாசின் கரைத்துத் தினமும் புதிதாக வையுங்கள். அல்லது கிலோ தீவனத்துக்கு 50 முதல் 75 கிராம் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் கலக்கலாம். எட்டு வாரம்வரை தொடருங்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் சில நாளில் எழும். மூட்டு வீங்கித் தசைநார் விலகிவிட்டால் மருந்து உதவாது. தரை வழுக்கினாலும் கால் விரியும், அதையும் பாருங்கள்.

பூஞ்சை பிடித்த தீவனத்தை ஒரு பிடிகூடப் போட வேண்டாம். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சைத் தாங்குவதில் வாத்துக்குஞ்சு கோழியைவிட மிக மிகப் பலவீனமானது.

வெள்ளி நிற ஜோடி வாங்கினேன். குஞ்சுகளில் சில பொன்நிறம். ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. பொன்நிறத்தைத் தருவது பால்சார்ந்த (ஆணில் இரண்டு பிரதி, பெட்டையில் ஒன்றே இருக்கும்), ஒடுங்கு (வெள்ளி மரபணு உடனிருந்தால் வெளித்தெரியாத) மரபணு. உங்கள் ஆண் அதை மறைவாகச் சுமக்கிறது. பொன்நிறக் குஞ்சுகள் எல்லாமே பெட்டையாக இருக்கும். பெட்டைகளில் சுமார் பாதி அப்படி வரும். வேண்டுமென்றே பொன்நிற ஆணை வெள்ளிப் பெட்டையோடு சேர்த்தால் மகள்கள் எல்லாம் பொன், மகன்கள் எல்லாம் வெள்ளி. தலைகீழாகச் சேர்த்தால் (ஆண் பொன் மரபைச் சுமக்காத வெள்ளியாக இருக்கும்வரை) குஞ்சுகள் எல்லாம் வெள்ளிதான்.

நிறத்துக்காக மட்டும் கழிக்காதீர்கள் என்பது எங்கள் கருத்து. அரிய இனத்தில் இறகின் அழகைப் பிடித்துக்கொண்டு, நன்றாக முட்டையிடும் குடும்பத்தையே ஒழித்துக்கட்டுவது அடிக்கடி நடக்கிறது. கால் கோணல், வளைந்த அலகு, தொடர்ந்து பொரிக்காத முட்டை: முதலில் கழிக்க வேண்டியவை இவை.

குளம் கட்டாயமா?

இல்லை. இவ்வளவு இலகுவான வாத்து தரையிலேயே இணைசேரும். மூக்கும் கண்ணும் கழுவத் தலை முழுகும் ஆழத்தில் நீர் இருந்தால் போதும்; அதைத் தினமும் மாற்றுங்கள். பக்கத்தில் செத்த பிராணி எதுவும் கிடக்கவிடாதீர்கள். அதிலுள்ள புழுக்களைத் தின்ற வாத்துகள் பாட்டுலிசம் என்ற பாக்டீரியா நஞ்சு நோயால் கழுத்து துவண்டு சாகும்.