15 நியூட்டன் விசையில் தள்ளுகிறேன், உராய்வு 19.6 நியூட்டன் என்று வருகிறது. பெட்டி பின்னால் நகருமா?

நகராது. பெருக்கல் சரிதான்: பெட்டி 5 கிலோ, சமதளத்தில் செங்குத்து விசை (தரை பெட்டியை மேல்நோக்கித் தாங்கும் விசை) 49 நியூட்டன், நிலை உராய்வுக் குணகம் (அசையாத பெட்டியின் உராய்வு எல்லை, செங்குத்து விசையில் எத்தனை பங்கு என்பது) 0.4, ஆக 19.6. ஆனால் 19.6 என்பது நிலை உராய்வு எட்டக்கூடிய எல்லை. பெட்டி அசையாதவரை நீங்கள் தள்ளும் அளவுக்கே உராய்வு எதிர்த்து நிற்கும். 5 தள்ளினால் 5, 15 தள்ளினால் 15, கையை எடுத்தால் சுழி. அதனால் குணகத்தைப் பார்த்ததும் பெருக்கி விடையாக எழுதிவிடாதீர்கள். எல்லையைக் கண்டுபிடித்து, தள்ளும் விசை அதைத் தாண்டுகிறதா என்று முதலில் பாருங்கள்.

25 நியூட்டன் கொடுத்தால் தாண்டிவிடும். பெட்டி நகர்ந்ததும் இயக்க உராய்வுக் குணகத்துக்கு மாற வேண்டும். அது 0.3 என்றால் உராய்வு 14.7, நிகர விசை 10.3, முடுக்கம் சுமார் 2.06 மீ/வி².

மாணவர்கள் அதிகம் சறுக்குவது சாய்வாகத் தள்ளும் கணக்கில்தான். அதே 25 நியூட்டனைக் கிடைமட்டத்துக்கு 30 டிகிரி கீழ்நோக்கிக் கொடுத்துப் பாருங்கள். அதில் 12.5 நியூட்டன் பெட்டியைத் தரையோடு அழுத்துகிறது. செங்குத்து விசை 61.5 ஆகிறது, உராய்வு எல்லை 24.6-க்கு ஏறுகிறது. முன்னோக்கிய கூறோ 21.65 மட்டுமே, பெட்டி அசையாது. கயிறு கட்டி 30 டிகிரி மேல்நோக்கி இழுத்தால் செங்குத்து விசை 36.5-ஆகக் குறையும், எல்லை 14.6-தான், பெட்டி நகர்ந்துவிடும். செங்குத்து விசை எப்போதும் எடைக்குச் சமம் என்று மனப்பாடமாக வைத்திருந்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது.

மேலே எறிந்த பந்தின் மீது என்னென்ன விசைகள் என்றும் கேட்டிருந்தீர்கள். கையை விட்டபின் 'எறிந்த விசை' என்று மேல்நோக்கி ஓர் அம்பு போடாதீர்கள், அப்படி ஒரு விசை அங்கே இல்லை. எடை எப்போதும் கீழே. காற்றுத் தடை எப்போதும் பந்து போகும் திசைக்கு எதிரே. ஆகவே ஏறும்போது இரண்டும் கீழ்நோக்கி, முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கமான 9.8 மீ/வி²-ஐ விட அதிகம். உச்சியில் வேகம் சுழி, தடையும் சுழி, முடுக்கம் சரியாக 9.8. இறங்கும்போது தடை மேல்நோக்கி, முடுக்கம் 9.8-ஐ விடக் குறைவு. இதனால் பந்து ஏறுவதற்கு எடுக்கும் நேரத்தைவிட இறங்குவதற்கு அதிக நேரம் எடுக்கும்.

இயக்க உராய்வை வேகம் பெரிதாக மாற்றாது. காற்றுத் தடையோ பொதுவாக வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். வாய் அகன்ற காகிதக் கூம்புகள் ஐந்தை ஒரே அளவில் செய்து இதைச் சோதிக்கலாம். கூர்முனை கீழே இருக்கட்டும். நான்கை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி 2 மீட்டர் உயரத்திலிருந்தும், மிச்சமுள்ள ஒன்றை 1 மீட்டரிலிருந்தும் ஒரே நேரத்தில் விடுங்கள். எடை நான்கு மடங்கானால் முற்றுத் திசைவேகம் (காற்றுத் தடை எடைக்குச் சமமாகி, அதற்குமேல் ஏறாத வேகம்) இரண்டு மடங்கு, எனவே இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தரையைத் தொடும்.