ஸ்பானிஷ் பேச வாய் வரவில்லையே?

கேள்வி: ஆறு மாதம் ஸ்பானிஷ் வகுப்புக்குப் போனேன். இலக்கணம் புரிகிறது, பேசத்தான் வாய் வரவில்லை. இனித் தனி ஆசிரியரை அமர்த்துவதா, உரையாடல் குழுவில் சேருவதா?

பதில்: உங்கள் நிலையில் உரையாடல் குழுவையே முதலில் சொல்வேன், கூட்டம் பெருகினால் ஒருவருக்குப் பேசக் கிடைப்பது சில நிமிடங்களே என்பதால், ஐந்தாறு பேர் மட்டும் உள்ள குழுவாகப் பார்த்துச் சேருங்கள். தமிழருக்கு இம்மொழியில் ஒரு வசதி உண்டு: 'பேசுகிறேன்' என்றாலே 'நான்' அதில் அடங்கிவிடுவதுபோல, 'ஆப்லோ' (பேசுகிறேன்) என்ற வினையின் ஈறே பேசுபவரைக் காட்டிவிடும், நீ, நீங்கள் போல 'து', 'உஸ்தெத்' என்ற வேறுபாடும் இருக்கிறது. சிக்கல் எழுவது, இரண்டுமே 'இருத்தல்' என்று பொருள்படும் 'செர்', 'எஸ்தார்' என்னும் இரு வினைகளில்தான். 'செர்' வினையின் வடிவத்தில் 'எஸ் அபுர்ரீதோ' என்றால் அவர் சலிப்பூட்டும் மனிதர். 'எஸ்தார்' வினையின் வடிவத்தில் 'எஸ்தா அபுர்ரீதோ' என்றால் அவர் இப்போது சலிப்படைந்திருக்கிறார். இத்தகைய பிழையைக் குழுவில் உள்ளவர்கள் பேச்சை நிறுத்தித் திருத்துவது அரிது என்பதால், மாதம் இரண்டு முறையாவது தனி ஆசிரியரிடம் அமர்ந்து உங்கள் பிழைகளைக் களைந்துகொள்ளுங்கள். பேச்சுப் பயிற்சி தேர்வுக்கும் உதவும்: 1991-இல் ஸ்பெயின் நிறுவிய செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்தும் 'தெலே' என்னும் ஸ்பானிஷ் மொழித்திறன் தேர்வில், தொடக்க நிலையான ஏ1 முதல் உச்ச நிலையான சி2 வரை எல்லா நிலைகளிலும் பேச்சுத் தேர்வு உண்டு.